பூஜை அறையிலும் ஓடைக்கரையிலும் ஒரே சுருள்!

அரியலூர், பெரம்பலூர் என்று சொன்னால் வெளியூர்ச் சகோதரிகளுக்கு என்ன நினைவுக்கு வரும்? சிமெண்டு ஆலைகள், சாரை சாரையாகப் போகிற லாரிகள், மண்டையைப் பிளக்கிற வெயில். இவ்வளவுதான். "அங்கே பார்க்கிறதுக்கு என்னக்கா இருக்கு?" என்று என் சொந்தக்காரப் பெண்களே கேட்பதுண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் விளைகிற மானாவாரி பூமி எங்களுடையது. அரியலூரிலிருந்து கடற்கரையைப் பார்க்க வேண்டுமானால் 80 கிலோமீட்டர் போலப் பயணம் போக வேண்டும். ஆனால் ஒரு நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் எங்கள் பக்கத்து ஓடைக்கரையில் குனிந்து பாருங்கள். மண் அரித்துப் போன இடத்தில் கடல் சிப்பிகள் கிடக்கும்!

யாரோ கொண்டுவந்து கொட்டிய சிப்பி என்று நினைத்துவிடாதீர்கள். கையில் எடுத்தால் கல்லாய்க் கனக்கும். கல்லேதான் அது. ஆனால் சிப்பியின் வரியும் மடிப்பும் அப்படியே இருக்கும். நேற்றுத்தான் கடலிலிருந்து எடுத்துக் கழுவி வைத்தது போல!

கடல் வந்து போன ஊர்

சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் ஊர் கடலுக்கு அடியில் இருந்தது. கடல் ஒரே தடவை வந்துவிட்டு ஒரே தடவையில் போய்விடவில்லை. ஏறுவதும் பின்வாங்குவதுமாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் இங்கே குடியிருந்திருக்கிறது. செத்துப்போன சிப்பிகளும் நத்தைகளும் அடியில் போய்ச் சேறாகப் படிந்தன. அதன்மேல் மறுபடி சேறு, மறுபடி சிப்பி. அடுக்குப் பாத்திரம் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கடைசியில் எல்லாம் இறுகிச் சுண்ணாம்புக்கல் ஆயிற்று. சிப்பியின் ஓடு போன இடத்தில் தாதுப்பொருள் புகுந்து கல்லாகிவிட்டது. இதைத்தான் புதைபடிவம் என்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் காலத்திலேயே இதைக் கவனித்துவிட்டார்கள். 1840-களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் இந்தப் பக்கத்துச் சிப்பிக் கற்களைத் திரட்டி லண்டனுக்கு அனுப்பினார்கள். அதன்பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு 1857 முதல் 1860 வரை இங்கே சுற்றி, பாறை அடுக்குகளை மூன்றாகப் பிரித்தார். அவற்றுக்கு வைத்த பெயர்கள் என்ன தெரியுமா? ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர்! இன்றைக்கும் வெளிநாட்டில் நிலவியல் படிக்கிற மாணவர்கள் 'அரியலூர்' என்ற சொல்லைப் புத்தகத்தில் படிக்கிறார்கள். நம்மவர்களுக்குத்தான் அது ரயில் நிற்கிற ஒரு ஸ்டேஷன்.

அறை அறையாகக் கட்டிய வீடு

இந்தச் சிப்பிகளுக்கு நடுவே ஒரு விசேஷமான கல் கிடைக்கும். கைமுறுக்குச் சுற்றி வைத்தது போல வட்டமாகச் சுருண்டு, முறுக்கின் வரிகளைப் போலவே மேலெல்லாம் வரிவரியாக இருக்கும். காலணா அளவிலும் உண்டு, தாம்பாளம் அளவிலும் உண்டு. இதன் பெயர் அம்மோனைட்.

பார்த்தால் நத்தை மாதிரி இருக்கிறதே என்பீர்கள். ஆனால் இது நத்தைக்குச் சொந்தமில்லை. கணவாய் மீன், ஆக்டோபஸ் இவற்றின் வகையறா. இதை நடுவில் அறுத்துப் பார்த்தால் உள்ளே வீடு கட்டியது போல அறை அறையாகத் தடுப்புச் சுவர் தெரியும். குஞ்சாக இருக்கும்போது உள்ளே ஒரு சின்ன அறை. உடம்பு வளர வளர அந்த அறை போதாது. என்ன செய்யும்? கொஞ்சம் பெரியதாக வெளிப்பக்கம் ஓர் அறையை நீட்டிக்கொண்டு அங்கே குடிபோகும். பழைய அறையைச் சுவர் வைத்து அடைத்துவிடும். இப்படியே அறைகள் பெருகிக்கொண்டே போகும். அடைத்த அறைகள் வீணா என்றால், அதுதான் இல்லை. எல்லா அறைகளையும் ஊடுருவி ஒரு மெல்லிய குழாய் போகிறது. அதன் வழியாக அறைகளில் உள்ள தண்ணீரை வெளியே எடுத்துக் காற்றை நிரப்பி, அந்தக் காற்றின் பலத்தில்தான் கடலில் மிதந்தது இந்தப் பிராணி. குடியிருந்து விட்டுப்போன பழைய அறைகள்தான் அதை மூழ்காமல் தாங்கின!

இதைத் தெரிந்துகொண்ட அன்றைக்கு அடுப்படியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இதே நினைப்புத்தான். பிறந்த வீடு, முதல் குடித்தனம் போட்ட ஓட்டு வீடு, பிள்ளைகள் தவழ்ந்த அந்த ஒண்டுக் குடித்தன அறை... நாமும் கதவை அடைத்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் நம்மை மிதக்க வைப்பது இன்றைக்கும் அவைதானே?

சாளக்கிராமத்துக்குச் சொந்தக்காரர்

இப்போது பூஜை அறைக்கு வாருங்கள். உங்கள் வீட்டிலோ, தெரிந்தவர்கள் வீட்டிலோ சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்தில் கண்டகி நதியில் கிடைக்கிற கறுப்புக் கல். முக்திநாத் க்ஷேத்திரம் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. பட்டுத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்து, தினம் திருமஞ்சனம் செய்து, தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வருகிற குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ. சில சாளக்கிராமங்களில் சக்கரம் போல ஒரு சுருள் இருக்குமே, கவனித்திருக்கிறீர்களா?

அந்தச் சக்கரமும் அம்மோனைட்தான்!

இமயமலை எழும்புவதற்கு முன் அந்த இடத்திலும் ஒரு கடல் இருந்தது. அந்தக் கடலின் சேற்றில் புதைந்த அம்மோனைட்டுகளை மலை தன்னோடு மேலே தூக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஆறு அவற்றை உருட்டி, இழைத்து, கரையில் சேர்க்கிறது. வயதில் கண்டகிக்காரர் எங்கள் ஊர்க்காரருக்கு மூத்தவர். ஒருவர் பட்டுத் துணியில், இன்னொருவர் ஓடைக்கரையில். ஆனால் இருவரும் ஒரே வம்சம்.

"இதைச் சொன்னால் பக்தி குறைந்துவிடாதா?" என்று சிலர் கேட்கலாம். எங்கள் தெருவில் ஒரு வைஷ்ணவப் பாட்டி இருந்தார். அவர் வீட்டுச் சாளக்கிராமம் மாமனார் காலத்தது. என் மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை வைத்துக்கொண்டு ஒருநாள் பட்டென்று, "பாட்டி, உங்க சாமி ஒரு கடல் பூச்சியோட கூடாமே!" என்று கேட்டுவிட்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. பாட்டி கோபித்துக்கொள்ளவே இல்லை. "இருக்கட்டுமேடி குழந்தே! வஜ்ரகீடம்னு ஒரு புழு குடைஞ்சு பண்ணின சக்கரம்னுதான் எங்காத்துப் பெரியவாளும் சொல்லுவா. ஒரு ஜீவன் இருந்த இடம்னு தெரிஞ்சுதானே சேவிக்கறோம்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். பூதக்கண்ணாடி இல்லாத காலத்திலேயே, இந்தச் சுருளைச் செய்தது ஓர் உயிர் என்று நம் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். கதை வேறு, கண்டுபிடிப்பு வேறுதான். ஆனால் கல்லைத் தூக்கி எறியாமல் உற்றுப் பார்த்த கண் இரண்டுக்கும் ஒன்றுதான்.

நாம் மட்டுமில்லை. எகிப்தில் ஆட்டுக்கடாவின் கொம்போடு வழிபட்ட அமுன் என்ற தெய்வத்தின் பெயரிலிருந்துதான் 'அம்மோனைட்' என்ற சொல்லே வந்தது. இங்கிலாந்தில் விட்பி என்ற கடற்கரை ஊரிலும் இவை ஏராளம். அந்த ஊர்ச் சனங்கள் இதைப் பாம்பு என்றார்கள். ஹில்டா என்ற புனிதவதி பாம்புகளையெல்லாம் கல்லாக்கிவிட்டாராம்! பாம்பென்றால் தலை எங்கே என்று கேட்பவர்களுக்காக, வியாபாரிகள் உளியால் தலையைச் செதுக்கி விற்றார்களாம். ஊருக்கு ஒரு கதை. கல் மட்டும் ஒன்று.

பூ பூக்காத மரம்

கடல் மட்டும்தானா? கரையும் இருந்தது, கரையில் காடும் இருந்தது. பெரம்பலூர் மாவட்டம் ஆலத்தூர் வட்டத்தில் சாத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு மரம் விழுந்து கிடக்கிறது. நீளம் 18 மீட்டருக்கு மேல், அதாவது சுமார் 60 அடி. மரமென்று கைவைத்தால் சில்லென்று கல்! 1940-ல் இதைக் கண்டு உலகுக்குச் சொன்னவர் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன். பிற்காலத்தில் அந்தத் துறைக்கு இயக்குநரான முதல் இந்தியர் அவர்தான்.

வயது சுமார் 12 கோடி ஆண்டு என்று அந்தத் துறையினர் கணக்குச் சொல்கிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பைன் மரம் பார்க்கிறோமே, அந்த இனம். பூ பூக்காது. உலகத்தில் பூ பூக்கும் மரங்கள் பெருகுவதற்கு முன்னால், இந்த வகை மரங்கள்தான் காடுகளை ஆண்டன. மல்லிகையும் கனகாம்பரமும் இல்லாத ஓர் உலகத்தை நம்மால் நினைத்துப் பார்க்க முடிகிறதா?

ஆற்று வெள்ளத்தில் அடித்துக்கொண்டு வந்து கடலோரச் சேற்றில் புதைந்த மரம் இது. காற்றுப் படாததால் மக்கவில்லை. தண்ணீரில் கரைந்திருந்த மணற்சத்து நாரோடு நாராக ஊறி, மரம் போன இடத்தில் எல்லாம் தான் உட்கார்ந்துகொண்டது. அதனால் மரத்தின் ரேகைகூட அழியவில்லை. இந்த இடத்தைத் தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவித்து, வேலி போட்டுக் காத்து வருகிறார்கள்.

முட்டையா? சிப்பியா?

2020 அக்டோபரில் எங்கள் பக்கம் ஒரே பரபரப்பு. பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் குளத்து மண் எடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகப் பெரிய கற்கள் வெளிவந்தன. "டைனோசர் முட்டை!" என்று செல்போனுக்குச் செல்போன் செய்தி பறந்தது. சனங்கள் நம்பியதற்குக் காரணமும் உண்டு. 2009-ல் அரியலூர் மாவட்டம் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகச் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்து, பத்திரிகைகளில் எல்லாம் வந்திருந்தது.

நிலவியல் அறிஞர்கள் குன்னத்துக் கற்களைப் பார்த்துவிட்டு, "இவை முட்டை இல்லை, அம்மோனைட் உருண்டைகள்" என்றார்கள். செத்த அம்மோனைட்டின் ஓடு நடுவில் இருக்கும். அதைச் சுற்றித் தாதுப்பொருள்கள் அடை அடையாகப் படிந்து உருண்டையாகிவிடும். பொரிவிளங்காய் உருண்டைக்குள் ஒரு நிலக்கடலை அகப்பட்டுக்கொண்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்!

"ப்பூ, முட்டை இல்லையா?" என்று ஏமாந்தவர்கள் உண்டு. எனக்கு ஏமாற்றமே இல்லை. கடலே இல்லாத ஊரில் குளத்தைத் தோண்டினால் கடல் வெளியே வருகிறது. இதைவிட ஆச்சரியம் வேறென்ன வேண்டும்?

கரைந்துபோன எலும்பு

இவ்வளவும் பாறையாச்சே, எங்கே போய்விடும் என்று அசட்டையாக இருக்க முடியாது. அரியலூர் மாவட்டத்தில் கல்லமேடு என்ற இடம் இருக்கிறது. அங்கே கிடைத்த ராட்சத எலும்புகளைப் பற்றி யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு நிலவியல் அறிஞர்கள் 1987-ல் எழுதினார்கள். வைத்த பெயர் பிருஹத்காயோசாரஸ், பேருடல் கொண்ட பல்லி என்று அர்த்தம். முதலில் மாமிசம் தின்கிற டைனோசர் என்று நினைத்தார்கள். அப்புறம் ஆராய்ந்தவர்கள், நீண்ட கழுத்துள்ள தழைதின்னி என்றார்கள். பூமியில் நடமாடிய மிகப் பெரிய விலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்றுகூடப் பேச்சு. ஆனால் அதை உறுதியாகச் சொல்ல இன்றைக்கு அந்த எலும்புகளே இல்லை! அவ்வளவு நொய்ந்த எலும்புகள். ஈரத்தில் உதிர்ந்து மண்ணோடு மண்ணாகிவிட்டன. மிஞ்சியது படங்களும் எழுத்தும்தான். கோடிக்கணக்கான ஆண்டு இருந்தது, வெளியே வந்ததும் சில மழைக்குத் தாங்கவில்லை.

மழை ஒருபுறம். சுரங்கம் ஒருபுறம். கள்ளங்குறிச்சியைச் சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல் கிட்டத்தட்ட முழுக்கவே சிப்பிதான். கம்பத்தையே பெருமாளாகக் கும்பிடுகிற கலியுக வரதராஜப் பெருமாள் கோயிலும் அந்த ஊரில்தான் இருக்கிறது. அந்தச் சுண்ணாம்புக்கல்லை அரைத்து, களிமண் கலந்து, 1,400 டிகிரிக்கு மேல் சுட்டால் சிமெண்டு. நம் வீட்டுத் தளம், சுவர், தொட்டி எல்லாம் அந்தக் கடலின் பிள்ளைகள்தான். ஆலைகளால் எத்தனை வீட்டில் அடுப்பு எரிகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் பானையில் உள்ள அரிசி அத்தனையையும் உலையில் போட்டுவிடுவோமா? விதைக்கென்று ஒரு படி எடுத்து வைக்க மாட்டோமா? அப்படி விதைப்படியாகச் சில இடங்களையாவது அப்படியே விட்டுவைக்க வேண்டும். காரை கிராமத்துப் பக்கம் மழை அரித்த செம்மண்ணும் சாம்பல் மண்ணுமான மேடுபள்ளங்கள் இருக்கின்றன. அங்கே வெறுங்கண்ணாலேயே இந்தச் சரித்திரத்தைப் படிக்கலாம். அவை நம் பேரன் பேத்திகளுக்கும் வேண்டும்.

குழந்தைகளோடு போகும்போது

விடுமுறையில் திருச்சிப் பக்கம் வந்தால் சாத்தனூருக்குக் குழந்தைகளை அழைத்துப் போங்கள். அரியலூருக்குப் போகிற வழியில் வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே அம்மோனைட்டுகளை வரிசையாக வைத்திருக்கிறார்கள். சில விஷயங்களை மட்டும் மனதில் வையுங்கள்.

வெயில் இங்கே கடுமை. காலையிலேயே போய்விடுங்கள். தொப்பியோ துண்டோ தலைக்கு இருக்கட்டும். உப்பும் சர்க்கரையும் கலந்த எலுமிச்சைச் சாறு ஒரு கூஜா நிறையக் கொண்டு போங்கள். செருப்பில்லாமல் ஓடைக்கரையில் ஓட விடாதீர்கள். சிப்பிக் கல்லின் ஓரம் கத்தி மாதிரி கிழிக்கும்.

தோண்டிவிட்ட பழைய சுரங்கப் பள்ளங்களில் தண்ணீர் பச்சைப் பசேலென்று அழகாக நிற்கும். கிட்டேயே போகக் கூடாது. கரை செங்குத்தாக இறங்கும், ஆழம் தெரியாது. நீச்சல் தெரிந்த பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கு இல்லை.

ஒரு கல்லையும் எடுத்து வராதீர்கள். போட்டோ எடுக்கலாம், தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்து அதன் வரியை எடுக்கலாம். கல் இருந்த இடத்தில் இருந்தால்தான் அது எந்த அடுக்கு, எந்தக் காலம் என்று படித்தவர்களால் சொல்ல முடியும். வீட்டு அலமாரியில் அது வெறும் அழகுப் பொருள். உங்கள் நிலத்திலோ கிணற்றிலோ விசேஷமாக ஏதாவது அகப்பட்டால் உடைத்துப் பார்க்காமல் கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லுங்கள்.

வெளியே போக முடியாதவர்கள் அடுப்படியிலேயே ஒரு வேடிக்கை காட்டலாம். முட்டை ஓட்டை ஒரு கிண்ணத்தில் போட்டு எலுமிச்சைச் சாற்றைப் பிழியுங்கள். குமிழ் குமிழாக நுரைக்கும். ஓட்டில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தும் புளிப்பும் சேர்ந்து வாயு கிளம்புகிறது. சிப்பியிலும், எங்கள் ஊர்ச் சுண்ணாம்புக்கல்லிலும், ஆச்சி வெற்றிலைக்குத் தடவுகிற கிளிஞ்சல் சுண்ணாம்பு தயாராகிற கிளிஞ்சலிலும் இருப்பது அதே பொருள்தான். நிலவியல் அறிஞர்களும் ஒரு சொட்டுத் திராவகம் விட்டு இப்படித்தான் கல்லைச் சோதிக்கிறார்கள். (சாளக்கிராமத்தின் மேல் மட்டும் பிள்ளைகள் சோதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!)

பிள்ளைகள் கேள்வி கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். "மரம் எப்படிம்மா கல்லாச்சு? கடல் எங்கேம்மா போச்சு?" சாதம் கொதிக்கிற நேரத்தில் கேட்டால் கோபம்தான் வரும். ஆனாலும் "சும்மா கிட" என்று வாயை அடைக்காதீர்கள். நமக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை சொல்வோம். தெரியாததை அவர்கள் படித்து வந்து நமக்குச் சொல்லட்டும். சக்கரத்தைப் பார்த்துப் பெருமாள் என்று கை கூப்பியதும், கல்லைப் பிளந்து அறைகளை எண்ணியதும் இப்படிக் கேட்ட குழந்தைகள்தானே!